தடுத்த மருந்தும் விடுத்த விஷமும்

புகையிலையைப் பயிரிடலாம்; சுருட்டாகவும் பீடியாகவும் சிகரெட்டாகவும் செய்து தெருமுனைதோறும் விற்கலாம்; விற்றதற்குச் சர்க்கார் வரியும் வாங்கலாம். ஆனால் அந்தப் புகையிலையின் பிடியிலிருந்து மனிதனை விடுவிக்கக் கூடுமென்று வைத்திய நிபுணர்கள் சிலர் நம்புகிற ஒரு பொருளை ஆராய்ச்சிச் சாலையில் வைத்துச் சோதிப்பதற்குக்கூட, அநுமதிமேல் அநுமதி வாங்கிக்கொண்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உலகத்து ராஜ்யங்களில் மிகப் பெரும்பாலானவற்றின் சட்டம் இன்று இப்படித்தான் இருக்கிறது. இந்தச் சட்டம் எவ்வாறு வந்தது, அதனால் நோயாளிகள் அடைந்த நஷ்டம் என்ன, அது சற்றுத் தளரத் தொடங்கியிருக்கும் இவ்வேளையில் லாபத்துக்காக நீளும் கைகள் யாருடையவை என்பதைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

புகையிலையின் கொடுமையை விரித்துரைக்க வேண்டியதில்லை. வருஷந்தோறும் 70 லட்சம் பேருக்கு மேல் அதற்குப் பலியாகிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. நம் தேசத்தில் மட்டும் ஏறக்குறைய 13½ லட்சம். 2016-17-ல் எடுத்த கணக்குப்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் 100-க்கு 28 பேருக்கு மேல், அதாவது 26 கோடி ஜனங்களுக்கு மேல், ஏதாவதொரு ரூபத்தில் புகையிலையை உபயோகிக்கிறவர்கள். விட வேண்டுமென்று நினையாதவர்கள் அல்லர் இவர்கள். நினைத்து, விட்டு, பத்து நாளில் மறுபடியும் பற்றிக்கொண்டவர்கள் நம் வீட்டிலும் அடுத்த வீட்டிலும் இருக்கிறார்கள்.

நிற்க. 1937-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் முதல் தேதியன்று சேலம் ஜில்லாவில் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் மதுவிலக்கைத் தொடங்கி வைத்த நாள்தொட்டு, தமிழ்நாட்டுத் தேசபக்தர்கள் போதைப் பொருள்களைச் சத்துருவாகவே பாவித்து வந்திருக்கிறார்கள். நாமும் அக்கட்சியினரே. ஆகையால், காளானிலிருந்து எடுத்த ஒரு மருந்துக்காக, அதுவும் கண்ணெதிரே இல்லாததைக் காட்டக்கூடிய மருந்துக்காக, நாம் பரிந்து பேச வந்தோமென்றால் சில நண்பர்கள் புருவத்தை நெறிப்பார்கள். நெறிக்கட்டும். கடைசிவரையில் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

அம்மருந்தின் பெயர் ஸிலோஸைபின். மெக்ஸிகோ முதலிய தேசங்களில் மழைக்காலத்தில் முளைக்கும் சில சிறு காளான்களில் அது இருக்கிறது. ஸ்விட்ஸர்லாந்தில் பாஸல் நகரத்து ஸாண்டோஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆல்பர்ட் ஹாப்மன் என்னும் ரஸாயன சாஸ்திரி 1958-ல் அதைத் தனியே பிரித்தெடுத்தார். இதே ஹாப்மன் 1938-லேயே எல்.எஸ்.டி. என்ற மற்றொரு பொருளை உண்டாக்கியவர். இவ்விரண்டையும் இவற்றின் இனத்தையும் சேர்த்து மேல்நாட்டார் 'ஸைகெடெலிக்' மருந்துகள் என்கிறார்கள். மனத்தை வெளிப்படுத்துவது என்று பொருள்படும்படி ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்னும் மனநோய் வைத்தியர் 1950-களில் கிரேக்கத்திலிருந்து ஆக்கிய சொல் அது. ஸிலோஸைபினை உட்கொண்டவருக்குச் சுமார் ஆறு மணி நேரம் பார்வையும் காலவுணர்ச்சியும் மாறுகின்றன. 'நான்' என்ற எண்ணமே சிலருக்குக் கரைந்து போகிறது. மூளையில் ஸெரொடோனின் என்னும் பொருள் சென்று பற்றும் இடங்களில் இது சென்று பற்றுவதே காரணம் என்று கண்டிருக்கிறார்கள். சாராயமும் அபினும் நிகோடினும் செய்வதுபோல, நாள்தோறும் கொண்டா கொண்டாவென்று உடம்பு கெஞ்சும்படி செய்யும் குணம் இதற்கு இல்லை. நம் மதுவிலக்கு நண்பர்கள் முதலில் கவனிக்க வேண்டிய வேற்றுமை இதுதான்.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்திலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் ரோலண்ட் கிரிபித்ஸ் என்னும் பேராசிரியர் 2000-ஆம் வருஷ வாக்கில் சர்க்கார் அநுமதி பெற்று இம்மருந்தின் ஆராய்ச்சியை மறுபடியும் தொடங்கினார். 2006-ல் முதல் முடிவுகளை வெளியிட்டார். அவருடன் வேலை செய்த மாத்யூ ஜான்ஸன், சிகரெட்டை விட முடியாமல் தவிப்பவர்களுக்கு இது உதவுமா என்று பார்க்க முனைந்தார். 15 பேர் முன்வந்தார்கள். சராசரி வயது 51. சராசரியாக ஒவ்வொருவரும் தினம் 19 சிகரெட் வீதம் 31 வருஷங்கள் புகை குடித்தவர்கள். ஆறு தடவை விட முயன்று தோற்றவர்கள். இவர்களைக் காட்டிலும் கடினமான சீடர்கள் கிடைப்பது அரிது.

மருந்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. நான்கு வாரங்கள் வாரந்தோறும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்கள். எதற்காகப் புகையை விட விரும்புகிறாய் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லும்படி ஒவ்வொருவரையும் பழக்கினார்கள். ஐந்தாம் வாரம் குறித்த ஒரு நாளில் சிகரெட்டை நிறுத்துவது. அன்றே முதல் வேளை மருந்து. 70 கிலோகிராம் எடையுள்ளவருக்கு 20 மில்லிகிராம் என்பது அளவு. ஆஸ்பத்திரி வாடையில்லாத ஓர் அறையில் படுக்க வைத்து, கண்களை மறைத்து, காதில் சங்கீதத்தை ஒலிக்கவிட்டு, பழகிய இருவர் பக்கத்திலேயே நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தார்கள். ஏழாம் வாரம் 30 மில்லிகிராம். விரும்பியவர்களுக்குப் பதின்மூன்றாம் வாரம் மூன்றாவது வேளை. அவ்வளவுதான். மொத்தத்தில் இரண்டு அல்லது மூன்றே வேளை மருந்து.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது 15 பேரில் 12 பேர் புகையைத் தொடவில்லை. அவர்கள் வாய்ச்சொல்லை மட்டும் நம்பவில்லை. மூச்சையும் சிறுநீரையும் சோதித்துத்தான் முடிவு கட்டினார்கள். ஒரு வருஷம் கழித்து 10 பேர். இம்மாதிரி வேறு மருந்துகளாலும் புத்திமதியாலும் ஆறு மாதம் தாக்குப் பிடிப்பவர்கள் பொதுவாக 100-க்கு 35-க்குக் குறைவே. 2014-ல் வெளியான இம்முடிவைக் கண்டு வைத்திய உலகம் திகைத்ததில் ஆச்சரியமில்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. நிகோடின் பட்டையைத் தோளில் ஒட்டிக்கொள்பவன் நிகோடினுக்குப் பதில் நிகோடினையே பெறுகிறான். ஸிலோஸைபினோ நிகோடின் பற்றும் இடங்களை அணுகுவதே இல்லை. சில மணி நேரத்தில் உடம்பை விட்டு நீங்கியும் விடுகிறது. ஆனாலும் பலன் மாதக்கணக்கில் நிற்கிறதென்றால், வேலை செய்தது மருந்து மட்டும் அன்று. அந்த அநுபவமும் அதைச் சுற்றி அமைத்த மனப்பயிற்சியும் வேலை செய்தன என்றே கொள்ள வேண்டும். 15 பேரில் 13 பேர், வாழ்க்கையில் தங்களுக்கு மிகவும் அர்த்தமுள்ளவையாக இருந்த ஐந்து அநுபவங்களுள் இதுவும் ஒன்று என்று ஒரு வருஷம் கழித்துச் சொன்னார்கள். குழந்தை பிறந்த நாளோடும் தாய் இறந்த நாளோடும் ஒரு மனிதன் வரிசையில் வைக்கிற அநுபவம், ஒரு பழக்கத்தை உதறித் தள்ளும் தெம்பைத் தந்தது என்றால் நாம் நம்ப மறுக்க வேண்டியதில்லை.

என்றாலும், சாஸ்திரத்தின் பேரால் பேசும்போது அளவு தவறக் கூடாது. 15 பேர் என்பது சின்னஞ்சிறு தொகை. மருந்து பெறாத மற்றொரு கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் விட வேண்டுமென்ற ஆவலோடு வந்தவர்கள். அன்றியும், போலி மாத்திரை கொடுத்து ஏமாற்ற முடியாத மருந்து இது. உண்மை மருந்து உள்ளே போன ஒரு மணி நேரத்தில் உட்கொண்டவனுக்கும் தெரிந்துவிடும்; பக்கத்திலிருப்பவருக்கும் தெரிந்துவிடும். நம்பிக்கையின் பலன் எவ்வளவு, மருந்தின் பலன் எவ்வளவு என்று பிரிப்பது எளிதன்று. எம்.டி.எம்.ஏ. என்னும் வேறொரு மருந்தை மனக்காயத்துக்குச் சிகிச்சையாக அநுமதிக்கும்படி வந்த விண்ணப்பத்தை அமெரிக்க சர்க்காரின் உணவு-மருந்து இலாகா 2024 ஆகஸ்டில் திருப்பி அனுப்பியது. அந்த விவகாரத்திலும் இந்தச் சங்கடம் பெரிதாகப் பேசப்பட்டது. இத்தகைய கண்டிப்பை நாம் குறை கூறமாட்டோம். சோதித்துவிட்டு மறுப்பது வேறு. சோதிக்கவே விடாமல் தடுப்பது வேறு.

இனி, தீராத வலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கண்ணைச் சுற்றிப் பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் செருகியதுபோல வரும் ஒருவகைத் தலைவலி உண்டு. கால் மணி முதல் மூன்று மணி நேரம் வரை நீடிக்கும். ஒரே நாளில் எட்டுத் தடவைகூட வரும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தொடர்ந்து வந்து, பின் திடீரென்று மறைந்து, மறுபடியும் வரும். கொத்துக் கொத்தாய் வருவதால் வைத்தியர்கள் அதைக் கொத்துத் தலைவலி என்று வழங்குகிறார்கள். தற்கொலைத் தலைவலி என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. அமெரிக்காவில் இந்நோயாளிகள் சிலர், எந்த வைத்தியரும் எழுதிக் கொடுக்காமலே, காளானையோ எல்.எஸ்.டி.யையோ சிறிது உட்கொண்டால் வலி தொடர் அறுந்துபோவதைக் கண்டார்கள். ஒருவருக்கொருவர் ரகசியமாகச் சொல்லிக்கொண்டார்கள். பிறகு சங்கமாகக் கூடி வைத்தியர்களின் கதவைத் தட்டினார்கள். ஹார்வர்டைச் சேர்ந்த வைத்தியர்கள் இவர்களில் 53 பேரை விசாரித்து 2006-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். வலி வந்த சமயத்தில் ஸிலோஸைபினை உபயோகித்த 26 பேரில் 22 பேர் வலி நின்றது என்றார்கள். நோயாளிகள் சொன்னதே இதற்கு ஆதாரம். ஆகவே ருசுவென்று சொல்ல முடியாது. பின்னர் யேல் சர்வகலாசாலையில் போலி மருந்தோடு ஒப்பிட்டு முறையாகச் சோதித்தார்கள். 2021-ல் வெளியான ஒற்றைத் தலைவலிச் சோதனையில் 10 பேர். அவர்களுக்கு ஒரே வேளை மருந்துக்குப் பின் வலி நாட்கள் நன்றாகக் குறைந்தன. 2022-ல் வெளியான கொத்துத் தலைவலிச் சோதனையில் 14 பேர். குறைவு தென்பட்டது, எனினும் தற்செயல் அன்று என்று கணித சாஸ்திரப்படி உறுதி கூறும் அளவுக்கு இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டோம்.

இதில் ஒரு பழைய உறவும் இருக்கிறது. எல்.எஸ்.டி. பிறந்தது, தானியக் கதிரில் பற்றும் எர்காட் என்னும் பூஞ்சைக் காளானின் சத்திலிருந்து. ஒற்றைத் தலைவலிக்கு வெகு காலமாக டாக்டர்கள் கொடுத்துவந்த எர்கோடமின் என்ற மருந்தும் அதே பூஞ்சைக் காளானின் குழந்தைதான். ஒரு சகோதரனை மருந்துக் கடையில் வைத்தார்கள். மற்றொருவனைச் சிறைக்கு அனுப்பினார்கள்.

வலி ஆராய்ச்சியில் தமிழர்கள் பெருமையோடு நினைக்கத்தக்க பெயர் ஒன்றும் வருகிறது. சென்னை ஸ்டான்லி வைத்தியக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாவில் ஸான் டியேகோ சர்வகலாசாலையில் மூளை சாஸ்திரப் பேராசிரியராக விளங்கும் டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன் அவர். நமது அரசியல் சட்டத்தை வகுத்தவர்களுள் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரர். காலையோ கையையோ வெட்டி எடுத்த பிறகும், இல்லாத அந்த அங்கத்தில் வலி இருந்துகொண்டே இருப்பதுண்டு. இருக்கும் அங்கத்தைக் கண்ணாடியில் காட்டி, இல்லாத அங்கம் அசைவதாக மூளையை நம்பச் செய்து அவ்வலியைத் தணிக்கும் உபாயத்தை 1990-களில் அவர் கண்டுபிடித்தார். காலிழந்த ஒருவர் அந்தக் கண்ணாடிச் சிகிச்சையோடு ஸிலோஸைபினையும் சேர்த்துக்கொண்டபோது வலி மிகவும் குறைந்ததென்று 2018-ல் ராமச்சந்திரனும் அவரது சகாக்களும் எழுதினார்கள். ஒருவர் அநுபவம் ஊருக்கெல்லாம் சட்டமாகாது; ஆனால் மேலும் பார்க்க வேண்டுமென்ற எண்ணத்தை அது தூண்டியது. ஹாலந்தில் மாஸ்ட்ரிக்ட் சர்வகலாசாலையார் ஆரோக்கியமுள்ள 24 பேருக்கு மிக நுண்ணிய அளவில் எல்.எஸ்.டி. கொடுத்துப் பனிபோல் குளிர்ந்த நீரில் கையை வைக்கச் சொன்னார்கள். 20 மைக்ரோகிராம் உட்கொண்டவர்கள் வழக்கத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிக நேரம் தாங்கினார்கள் என்று 2020-ல் தெரிவித்தார்கள். அந்த அளவில் மயக்கமோ காட்சியோ பெரிதாகக் கிடையாது.

இவையெல்லாம் புதிய விஷயங்கள் என்று எண்ணினால் அது தவறு. 1964-லேயே சிக்காகோ நகரத்தில் எரிக் காஸ்ட் என்னும் வைத்தியர், சாவின் வாயிலில் இருந்த 50 நோயாளிகளுக்கு, பெரும்பாலோர் புற்றுநோய் கண்டவர்கள், 100 மைக்ரோகிராம் எல்.எஸ்.டி. கொடுத்தும், அபின் இனத்து மருந்துகள் இரண்டைக் கொடுத்தும் ஒப்பிட்டிருந்தார். எல்.எஸ்.டி.யின் நிவாரணம் அவற்றைவிட வெகு நேரம் நீடித்தது. மரண பயமும் சிலருக்குத் தணிந்தது. குடியை விடுவிக்கவும் அந்நாளில் இதைப் பிரயோகித்தார்கள். அக்காலத்துச் சோதனைகளில் முறையாக நடந்த ஆறினை, மொத்தம் 536 பேர், 2012-ல் நார்வே தேசத்து ஆராய்ச்சியாளர் இருவர் தொகுத்துப் பார்த்தார்கள். எல்.எஸ்.டி. பெற்றவர்களில் 100-க்கு 59 பேர் தேறினார்கள். பெறாதவர்களில் 38 பேரே தேறினார்கள். மதுவிலக்குப் பிரசாரகர்கள் இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

இத்தனை நம்பிக்கையோடு தொடங்கிய வேலை ஏன் நின்றது? காரணம் சாஸ்திரமன்று, அரசியல். அமெரிக்க சர்க்காரின் ஒற்றர் இலாகாவே 1953 முதல் எல்.எஸ்.டி.யைக் கையிலெடுத்து, பிறர் மனத்தை வசப்படுத்தும் ஆயுதமாகுமா என்று பார்க்க, அறியாத மக்களுக்குத் தெரியாமல் கொடுத்துச் சோதித்தது. 1973-ல் அதன் தலைவர் அந்தத் தஸ்தாவேஜுகளை அழிக்கச் சொல்லிவிட்டார். மிஞ்சியவற்றைக் கொண்டு 1975-ல் செனட் சபைக் கமிட்டி விஷயத்தை வெளிக்கொணர்ந்தது. இதற்கிடையில், அம்மருந்து ஆராய்ச்சிச் சாலையிலிருந்து தெருவுக்கு வந்தது. வியட்னாம் யுத்தத்தை எதிர்த்த வாலிபர்களில் பலர் அதை உட்கொண்டார்கள். சிலர் கெட்டும் போனார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஸாண்டோஸ் கம்பெனி 1966-ல் விநியோகத்தை நிறுத்தியது. 1970-ல் ஜனாதிபதி நிக்ஸன் கையெழுத்திட்ட சட்டம், எல்.எஸ்.டி.யையும் ஸிலோஸைபினையும் வைத்திய உபயோகம் ஏதுமற்றவை என்று முதல் அட்டவணையில் அடைத்தது.

அந்தச் சட்டத்தின் ஆரம்பத்தில் பதங்களுக்கு விளக்கம் கூறும் பிரிவு ஒன்று இருக்கிறது. கட்டுப்படுத்த வேண்டிய பொருள் எது என்று சொல்லிவிட்டு, சாராயம், ஒயின், பீர், புகையிலை இவை அதில் சேரா என்று அதிலேயே எழுதியிருக்கிறது! ஜனங்களைக் காப்பதற்காக என்று சொல்லிக்கொண்ட சட்டம், ஜனங்களை அதிகமாகக் கொல்லும் பொருள்களைப் பெயர் சொல்லி விலக்கி வைத்தது. 1971-ல் வியன்னாவில் நிறைவேறிய சர்வதேச ஒப்பந்தம் இந்த ஏற்பாட்டை உலகத்துக்கெல்லாம் விரித்தது. நம் தேசத்தில் 1985-ஆம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்திலும் ஸிலோஸைபின் இடம் பெற்றது. ஏறக்குறைய முப்பது வருஷங்கள் ஆராய்ச்சி படுத்துவிட்டது. அமெரிக்க சர்க்காரின் தேசிய சுகாதார ஸ்தாபனம் புகையை விடுவிக்கும் ஸிலோஸைபின் சிகிச்சைக்காக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலைக்கு ஏறக்குறைய 40 லட்சம் டாலர் கொடுத்தது 2021-ல்தான். ஐம்பது வருஷத்தில் இவ்வகைச் சிகிச்சைக்கு அந்த ஸ்தாபனம் அளித்த முதல் மான்யம் அது. அதுவரையில் தனவந்தர்கள் தந்த நன்கொடையில்தான் வேலை நடந்தது.

தடையினால் போதை ஒழிந்ததா? அதே அமெரிக்காவில், பர்ட்யூ பார்மா என்ற கம்பெனி அபின் இனத்து வலி மாத்திரை ஒன்றை 1996 முதல் சட்டபூர்வமாக விற்றது. பழக்கமாகிவிடும் அபாயம் குறைவு என்று பொய் சொல்லி விற்றதாக 2007-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2020-ல் மறுபடியும் வேறு குற்றங்களை ஒப்புக்கொண்டது. வலிக்கு மருந்து தேடிப் போனவர்கள் லட்சக்கணக்கில் அடிமைகளானார்கள். நம் தேசத்தில் நேர்ந்தது இதற்கு நேர்மாறான அநியாயம். சட்டபூர்வமாக அபின் பிசின் எடுத்து ஏற்றுமதி செய்யும் தேசம் நம்முடையது. கிழக்கிந்தியக் கம்பெனியார் ஏற்படுத்திய காஜீப்பூர் அபின் தொழிற்சாலை இன்றும் இருக்கிறது. அப்படியிருந்தும், 1985-ஆம் வருஷச் சட்டத்தின் கெடுபிடியால், புற்றுநோயில் துடித்தவர்களுக்கு மார்பியா கிடைக்காமல் போயிற்று. கேரளத்தில் டாக்டர் ராஜகோபால் முதலிய வைத்தியர்கள் வருஷக்கணக்கில் போராடி, 2014-ல் சட்டத்தைத் திருத்தச் செய்தார்கள். போதையைக் கண்டு பயந்து எழுதும் சட்டம் முதலில் யார் கழுத்தை நெரிக்கும் என்பதற்கு இதைவிட வேறு திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

இனி, இந்த மருந்து யாருடையது என்று பார்ப்போம். மெக்ஸிகோவில் ஓஆஹாகா மாகாணத்து மலையூரான ஹுவாட்லாவில் மஸாடெக் ஜாதியார் வாழ்கிறார்கள். ஸ்பானியப் பாதிரிகள் பிசாசின் வேலையென்று ஒடுக்கிய காளான் வழிபாட்டை நானூறு வருஷம் மறைத்து வைத்துக் காத்தவர்கள் இத்தகைய மலைவாசிகள். அவ்வூரில் மரியா ஸபினா என்ற ஏழை மூதாட்டி, இரவில் விளக்கணைத்து, காளானை உட்கொண்டு, விடியுமளவும் பாடி நோயாளிகளைக் குணப்படுத்திவந்தார். 1955-ல் கார்டன் வாஸன் என்ற நியூயார்க் பாங்கிக்காரர் அங்கே சென்று அவருடன் காளானை உட்கொண்டார். 1957-ல் 'லைப்' பத்திரிகையில் அதை விஸ்தாரமாக எழுதினார். மூதாட்டியின் பெயரை மாற்றித்தான் எழுதினார். ஆனாலும் ஊர் வெளிப்பட்டுவிட்டது. 1956-ல் வாஸன் மறுபடியும் சென்றபோது கூடப்போன ரஸாயன சாஸ்திரி ஒருவர் ஒற்றர் இலாகாவின் கையாள் என்பது வாஸனுக்கே அப்போது தெரியாது. காளான் பாரிஸுக்கும் அங்கிருந்து பாஸலுக்கும் சென்றது; ஹாப்மன் சத்தைப் பிரித்தார்; ஸாண்டோஸ் கம்பெனி மாத்திரையாக்கியது. 1962-ல் ஹாப்மன் அந்த மாத்திரைகளை எடுத்துக்கொண்டு ஹுவாட்லா சென்று மூதாட்டியிடமே கொடுத்தார். உட்கொண்டு பார்த்த அவர், காளானுக்கும் இதற்கும் பேதமில்லை என்று நற்சாட்சி கூறினார்.

பிறகு வேடிக்கை தேடும் வெளிநாட்டு வாலிபர்கள் கூட்டங்கூட்டமாக அம்மலையேறினார்கள். போலீஸார் பின்தொடர்ந்தார்கள். ஊராரின் கோபம் மூதாட்டியின்மேல் திரும்பியது. அவருடைய வீடு கொளுத்தப்பட்டது. தெய்வத்தைக் காண வேண்டுமென்பதற்காக எங்களில் எவரும் காளானை உண்டதில்லை, நோய் தீரவே உண்டோம். அந்நியர் வந்தபின் அதன் சக்தி போய்விட்டது என்ற கருத்தில் அவர் வருந்திக் கூறினார். 1985-ல் வறுமையிலேயே இறந்தார். தம் செயலால் விளைந்த கேட்டைக் குறித்து வாஸனும் பின்னாளில் மனம் நொந்து எழுதினார்.

அந்த மூதாட்டியின் சடங்கில் காளானோடு வேறொரு பொருளும் உண்டு. சுண்ணாம்பு கலந்து இடித்த காட்டுப் புகையிலை அது. நோயாளியின் தோலில் தடவுவார்கள். ஆம், புகையிலையும் அந்த அமெரிக்க ஆதிவாசிகளின் மருந்துச் செடிதான்! கொலம்பஸுக்குப் பின் வந்தவர்கள் அதை எடுத்துக்கொண்டுபோய் வியாபாரச் சரக்காக்கினார்கள். அடிமைகளைக் கொண்டு பயிரிட்டார்கள். கப்பலேற்றி உலகெங்கும் விற்றார்கள். நம் நாட்டில் ஜஹாங்கீர் பாதுஷா 1617-லேயே தடுத்துப் பார்த்தும் முடியவில்லை. ஒரே மக்களின் இரண்டு செல்வங்கள்: ஒன்றைக் கம்பெனிகள் விஷமாக்கின, அந்த விஷத்தை முறிக்க மற்றொன்று உதவுமென்று இப்போது தெரிகிறது. இதையும் கம்பெனிகளிடமே ஒப்படைப்பதா என்பதுதான் கேள்வி.

ஒப்படைக்கும் ஏற்பாடு நடந்துகொண்டுதான் இருக்கிறது. லண்டனில் தோன்றிய காம்பஸ் பாத்வேஸ் என்ற கம்பெனி, ஸிலோஸைபினை ஒருவகைப் படிகமாக்கும் முறைக்கு அமெரிக்காவில் பேடெண்ட் உரிமை பெற்றிருக்கிறது. அதனோடு நிற்கவில்லை. சிகிச்சை நடக்கும் அறையில் மெத்தென்ற ஆசனங்கள் இருப்பது, நல்ல சங்கீதம் ஒலிப்பது, நோயாளியின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்வது முதலியவற்றையும் தனக்கு உரிமையாகக் கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தது 2021-ல் பத்திரிகைகளில் வெளியாயிற்று. பயந்தவன் கையைப் பிடித்துக்கொள்வதற்குமா பேடெண்ட்? நம்மவர்களுக்கு இந்த வேடிக்கை புதிதல்ல. காயத்துக்கு மஞ்சள் தடவுவதற்கு 1995-ல் அமெரிக்காவில் பேடெண்ட் கொடுத்தார்கள். நமது விஞ்ஞானக் கைத்தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலார் பழைய நூல்களை ஆதாரம் காட்டி வழக்காடி 1997-ல் அதை ரத்துச் செய்வித்தார்கள். மஸாடெக் மலைவாசிகளுக்காக அவ்வாறு வழக்காட ஒரு சர்க்கார் ஸ்தாபனம் வேண்டும். அவர்கள் பாட்டன்மார் கண்ட மருந்தினால் வரும் லாபத்தில் அவர்களுக்கும் பங்கு வேண்டும்.

நம் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. கோடைக்கானல் மலையிலும் இவ்வகைக் காளான் முளைக்கிறது. போதைக் காளான் என்று பெயரிட்டு அதைத் தேடிப் போகிறவர்களும் விற்கிறவர்களும் போலீஸாரிடம் அகப்படுகிற செய்தி அடிக்கடி பத்திரிகைகளில் வருகிறது. நாம் மேலே எழுதியவற்றில் ஒரு வரியும் அவர்களுக்குச் சாதகமன்று. பால்டிமோரில் மருந்து கொடுக்குமுன் ஒரு மாதம் பேசினார்கள், புத்தி பேதலித்த சரித்திரம் தமக்கோ குடும்பத்திலோ உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை, இருதயத்தைச் சோதித்தார்கள், அப்படியிருந்தும் அந்த ஆறு மணி நேரத்தில் சிலர் கடும் பீதியில் ஆழ்ந்தார்கள், பக்கத்திலிருந்தவர்கள் தேற்றினார்கள். காட்டில் பொறுக்கிய காளானில் சத்து எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. உருவத்தில் ஒத்த நச்சுக் காளான்களும் உண்டு.

ஆராய்ச்சி விஷயத்தில் நம் சர்க்கார் செய்ய வேண்டியது பெரிய காரியமன்று. 1985-ஆம் வருஷச் சட்டத்தின் எட்டாவது பிரிவே, வைத்தியத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் உபயோகிப்பதற்கு விலக்கு அளித்திருக்கிறது. வாசல் இருக்கிறது, அதன்முன் குவிந்துள்ள அநுமதிக் காகிதங்களைத்தான் குறைக்க வேண்டும். சிகரெட்டு வரியில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் சர்வகலாசாலைகளிலும், புகையை விட முடியாதவர்களையும் தீராத வலிக்காரர்களையும் முறைப்படி சேர்த்து, நாடறிந்த வைத்தியர்களின் மேற்பார்வையில் சோதிக்கட்டும். பலனில்லையென்று கண்டால் அப்படியே பகிரங்கமாகச் சொல்லட்டும். பலனிருந்தால், மருந்தும் அதைக் கொடுக்கும் முறையும் எந்தக் கம்பெனியின் பேடெண்டிலும் அடைபடாமல் ஜில்லா ஆஸ்பத்திரி வரையில் வந்து சேரும்படி இப்போதே சட்டசபைகளில் கேட்க வேண்டுமென்று நம் நண்பர்களை வேண்டிக்கொள்ளுகிறோம்.